எழுதப்படாத கட்டி

நான் பார்க்கும் வேலைக்கு மெடிக்கல் கோடிங் என்று பெயர். அமெரிக்காவில் யாரோ ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்து, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும், அவருடைய கேஸ் ஷீட் முழுவதும் சென்னையில் என் கம்ப்யூட்டர் திரைக்கு வரும். டாக்டர் எழுதியிருப்பதை வாசித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணை நான் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். அந்த எண்களைக் கூட்டித்தான் அந்த நாட்டு அரசு எந்த நோயால் எத்தனை பேர் படுத்தார்கள் என்று கணக்குச் சொல்லும். எங்கள் தளத்தில் பாதிக்கு மேல் பெண்கள். விலங்கியல், நுண்ணுயிரியல், நர்சிங் படித்துவிட்டு வந்தவர்கள். ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் டார்கெட்டில்.

இந்த எட்டு வருடத்தில் ஒரு வாக்கியத்தை ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். "டாக்டர் எழுதலைன்னா நாம கோட் பண்ண முடியாது." புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுப்பேன். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கும் எதிரானது.

சிக்கிள் செல் சார்ட் என்றால் எங்கள் தளத்தில் யாருக்கும் பிடிக்காது. நீளமாக இருக்கும். ஒரே நோயாளி வருடத்தில் ஏழு முறை, எட்டு முறை அட்மிட் ஆகியிருப்பார். அரிவாள் செல் ரத்தசோகை என்று நம் பாடப்புத்தகங்களில் படித்திருப்போம். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் பிறவியிலேயே ஒரு மாற்றம். ஆக்சிஜன் குறையும்போது அந்த அணு உருண்டை வடிவம் இழந்து அரிவாள்போல் வளைந்து இறுகிவிடும். வளைந்த அணுக்கள் சின்ன ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் எலும்பு முறிந்தது போன்ற வலி. நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை.

இந்த நோயோடு பிறந்த குழந்தைக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே ஊசி. ரத்தம் எடுக்க, சலைன் ஏற்ற, வலி மருந்து கொடுக்க, ரத்தம் ஏற்ற. இருபது வயதுக்குள் கையில் இருக்கிற நரம்பெல்லாம் தழும்பேறிப் போயிருக்கும். நர்ஸ் ஐந்து இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்காது. அப்போது கழுத்திலோ மார்பிலோ இருக்கும் பெரிய ரத்தக் குழாய்க்குள் ஒரு குழாயை நிரந்தரமாகவோ சில வாரங்களுக்கோ பொருத்திவிடுவார்கள். சென்ட்ரல் லைன், பிக் லைன், போர்ட் என்று வகைக்கு ஒரு பெயர். பொதுவாகக் கதீட்டர். கெட்ட ரத்தத்தை எடுத்துவிட்டு நல்ல ரத்தத்தை ஏற்றும் பரிமாற்றச் சிகிச்சைக்கும் தடித்த குழாய் வேண்டும். ஆக, இந்த நோயோடு வாழ்கிறவர்களில் பலருக்குக் கதீட்டர்தான் உயிர்நாடி.

அதுவே ஆபத்தும்கூட. சிக்கிள் செல் உள்ளவர்களின் ரத்தம் இயல்பிலேயே சீக்கிரம் உறையும் தன்மை கொண்டது. அதற்குள் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நட்டால் அதைச் சுற்றி ரத்தம் கட்டி பிடிக்கிறது. கை வீங்கும். கழுத்து கனக்கும். மார்பின் தோலில் புதிதாக நீல நரம்புகள் எழும். சில பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, குழாயில் மருந்து உள்ளே போகும், ரத்தம் மட்டும் திரும்பி வராது. கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும். இதே நோயில் நுரையீரலைத் தாக்கும் வேறொரு நெருக்கடியும் உண்டு, அதற்கும் மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும்தான். ஒன்றை மற்றதாக எடுத்துக்கொள்வது சுலபம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ரக்கி நாயக் என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த 404 சிக்கிள் செல் நோயாளிகளில் 101 பேருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்கு, சிரையில் ரத்தக்கட்டி வந்திருந்தது. கட்டி வந்த வயது சராசரியாக முப்பதை ஒட்டி. முப்பது வயது! போதிய அளவு கண்டுகொள்ளப்படாத சிக்கல் இது என்று கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். கண்டுகொள்ளாமல் போவது எப்படி என்று எனக்குத் தெரியும். அது என் மேஜை வழியாகத்தான் நடக்கிறது.

நான் எந்த ஒருத்தியின் கதையையும் இங்கே சொல்லப் போவதில்லை. அதற்கு எனக்கு உரிமையும் கிடையாது. பல சார்ட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிசையை மட்டும் சொல்கிறேன். இரவு நர்ஸ் எழுதுவார்: போர்ட் வைத்த பக்கத்துக் கை தடித்திருக்கிறது, நோயாளி மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை என்கிறார். மறுநாள் பகல் நர்ஸ் எழுதுவார்: போர்ட்டில் ரத்தம் திரும்ப வரவில்லை, டாக்டரிடம் சொல்லப்பட்டது. மூன்றாம் நாள் ஸ்கேன். ஸ்கேன் பார்த்தவர் எழுதுவார்: கதீட்டரைச் சுற்றிக் காரை எலும்புக்கு அடியில் உள்ள சிரையில் ரத்தக்கட்டி. ஆறாம் நாள் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் மூன்று வாக்கியம் இருக்கும். சிக்கிள் செல் வலி. கையில் ரத்தக்கட்டி, மருந்து தொடங்கப்பட்டது. போர்ட் மாற்றப்பட்டது.

மூன்று வாக்கியம், மூன்று முற்றுப்புள்ளி. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்த உறவும் இல்லாத மாதிரி.

எங்கள் விதிப்புத்தகம் இதில் மிகத் தெளிவானது. சிகிச்சையின்போது நேர்ந்ததெல்லாம் சிகிச்சையால் நேர்ந்ததாகிவிடாது. இதனால் இது வந்தது என்று சிகிச்சை தரும் டாக்டர் உறவைக் காட்டி எழுதியிருக்க வேண்டும். 'கதீட்டர் காரணமாக ரத்தக்கட்டி' என்று அவர் எழுதினால் நான் டி82.868ஏ என்ற எண்ணைப் போடுவேன். உடலுக்குள் வைத்த ரத்தக்குழாய்ச் சாதனத்தால் வந்த கட்டி என்று அதற்குப் பொருள். 'காரணமாக' என்ற சொல் இல்லையென்றால் ஐ82 வரிசையில் வெறும் கட்டி. அது எங்கிருந்தோ வந்த கட்டி. நோயாளியின் சொந்தக் கட்டி.

நர்ஸ் எழுதியதை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். நோயாளியின் எடை விகிதத்தை நர்ஸின் குறிப்பிலிருந்து எடுக்கலாம். படுக்கைப் புண் எத்தனையாம் நிலை என்பதை எடுக்கலாம். கட்டிக்குக் காரணம் எது என்பதை எடுக்க முடியாது. கையைத் தொட்டுப் பார்த்தவள், மோதிரம் கழலாததைக் கவனித்தவள், இரவெல்லாம் கூட இருந்தவள் எழுதியது சாட்சியாகாது. ஐந்து நிமிடம் வந்து போனவர் எழுதினால்தான் செல்லும். இதை நாம் வேறெங்கோ பார்த்திருக்கிறோம் இல்லையா? வீட்டில், பஞ்சாயத்தில், காவல் நிலையத்தில்?

சரி, ஒரு சொல் விட்டுப்போனதால் என்ன குடி முழுகிவிடும்? கட்டிக்குத்தான் மருந்து கொடுத்துவிட்டார்களே!

அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2019இல் சிக்கிள் செல் நோய்க்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். தூண்டும் காரணம் ஏதும் இல்லாமல் முதல் கட்டி வந்தால் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தைக் காலவரம்பின்றித் தொடரலாம் என்கிறது. காரணத்தோடு வந்த முதல் கட்டி என்றால் மூன்று முதல் ஆறு மாதம் போன்ற ஒரு குறிப்பிட்ட காலம். ஆக அந்த ஒரு சொல்லைப் பொறுத்து ஒரு பெண் ஆறு மாதம் மருந்து சாப்பிடுவாள் அல்லது ஆயுள் முழுக்கச் சாப்பிடுவாள்.

ஆயுள் முழுக்க என்றால் என்ன? ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் கொட்டித் தீர்க்கும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவள் அவள். மாதம் ஐந்து நாள் வரவேண்டியது பத்து நாள் வந்தால் அவள் ஹீமோகுளோபின் எங்கே நிற்கும்? அதைக் கட்டுப்படுத்த ஹார்மோன் மாத்திரை கேட்டுப் போவாள். அங்கே அடுத்த கண்ணி. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டி அபாயத்தைக் கூட்டும். முன்பு ஆழ்சிரையில் ரத்தக்கட்டி வந்தவர்களை உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிப் பட்டியல் நான்காம் வகையில், அதாவது இந்த மாத்திரையைத் தரவே கூடாதவர்கள் என்ற வகையில் வைக்கிறது. முன்பு கட்டி வந்ததா என்பது டாக்டருக்கு எப்படித் தெரியும்? பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து. பழைய ரிப்போர்ட்டில் 'போர்ட் மாற்றப்பட்டது' என்று மட்டும் இருந்தால்?

கர்ப்பம் என்று வந்தால் இன்னும் மோசம். கர்ப்ப காலமும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களும் எந்தப் பெண்ணுக்குமே ரத்தம் உறையும் அபாயம் கூடிய காலம். முந்தைய கட்டியின் வரலாற்றைப் பார்த்துத்தான் தடுப்பு ஊசி போடலாமா என்று முடிவெடுப்பார்கள். சிக்கிள் செல்லோடு இருக்கும் கர்ப்பிணிக்கு அந்த முடிவு உயிர் சம்பந்தப்பட்டது. ஆறு வருடம் முன்னால் ஒரு டாக்டர் அவசரத்தில் விட்ட ஒரு சொல், பிரசவ வார்டில் வந்து நிற்கும்.

இது ஆண்களுக்கும் வருகிற நோய்தானே, இதில் பெண்ணியம் எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்கு மேலே உள்ள இரண்டு பத்திகள்தான் பதில். கட்டி ஆணுக்கும் வரும். எழுதப்படாத கட்டியின் வட்டியைக் கூடுதலாகக் கட்டுவது பெண்.

*

டாக்டர்களுக்கு எழுத நேரமில்லை என்பார்கள். நான் நம்ப மாட்டேன். அவர்கள் எழுதுவதை நான் தினமும் படிக்கிறேன். சில சொற்களுக்கு அவர்களிடம் எப்போதும் நேரம் இருக்கிறது. 'நோயாளி வலி மருந்தைத் தேடி வருகிறார்.' 'ஒத்துழைக்கவில்லை.' 'பதற்றமாக இருக்கிறார்.' 'போனில் பேசிக்கொண்டிருந்தார், வலி பத்துக்குப் பத்து என்கிறார்.' வலியில் இருப்பவள் போனில் பேசக் கூடாதாம்.

இந்தச் சொற்கள் காகிதத்தோடு நிற்பதில்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சிக்கிள் செல் நோயாளி ஒருவரைப் பற்றிய கற்பனையான மருத்துவக் குறிப்பை இரண்டு விதமாக எழுதி மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் கொடுத்தார்கள். தகவல் ஒன்றுதான், சொற்கள் மட்டும் வேறு. இழிவுபடுத்தும் சொற்கள் உள்ள குறிப்பைப் படித்தவர்கள் அந்த நோயாளியைப் பற்றி மோசமாக நினைத்தார்கள், வலிக்குக் குறைவாக மருந்து கொடுக்க முன்வந்தார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னால் கார்ல்டன் ஹேவுட் என்ற ஆய்வாளர், அவரே சிக்கிள் செல்லோடு வாழ்ந்தவர், அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கெடுத்தார். சிக்கிள் செல் நோயாளிகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிக நேரம் காத்திருந்தார்கள். கைகால் எலும்பு முறிந்து வந்தவர்களோடு ஒப்பிட்டால் 50 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் இந்த நோயோடு வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். ஆக அங்கே காத்திருந்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நோயாளியின் குறையை எழுத ஒரு வரி போதும், யாரும் ஆதாரம் கேட்பதில்லை. சிகிச்சையின் குறையை எழுத 'காரணமாக' என்று ஒரு சொல் வேண்டும், அது பேனாவிலிருந்து இறங்குவதே இல்லை.

இந்த நோயின் வரலாறே இப்படித்தான் தொடங்குகிறது. 1910இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர் அரிவாள் வடிவ அணுக்களைப் பற்றி முதல் கட்டுரையை எழுதினார். அணுவின் வடிவத்தை அதில் நுணுக்கமாக விவரித்தார். அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரரின் பெயர் கட்டுரையில் இல்லை. கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த வால்டர் கிளமென்ட் நோயல் அவர் என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. ரத்தத்தை எழுதினார்கள், ஆளை எழுதவில்லை.

*

இதையெல்லாம் அமெரிக்கக்காரர்களின் பிரச்சினை என்று நான் சம்பளத்துக்கு வாசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சிக்கிள் செல் இல்லை. ஆனால் கீமோ மருந்து ஏற்ற அதே போர்ட், அதே மார்பில்.

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு அம்மாவின் இடது கை வீங்கியது. ஜாக்கெட் கை ஏறவில்லை. "துணி அதிகமா துவைச்சுட்டேன் போல" என்றாள். கீமோ எடுக்கிற வீட்டில் யார் துவைக்க விட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே வெட்கமாக இருக்கிறது. மருத்துவமனையில் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "கையை மடிச்சுப் படுத்திருப்பீங்கம்மா, தலகாணி வச்சுக்குங்க" என்றார். அடுத்த வாரம் போர்ட்டில் ரத்தம் வரவில்லை. அங்கே இருந்த இளவயது நர்ஸ்தான், "அக்கா, ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்று என் காதில் சொன்னாள். ஸ்கேனில் கழுத்துவரை கட்டி. போர்ட்டை எடுத்தார்கள். வயிற்றில் தினம் இரண்டு ஊசி, மூன்று மாதம். ஊசி போட்ட இடமெல்லாம் நீலம் பாரித்தது.

டிஸ்சார்ஜ் சம்மரி வந்தது. பழக்க தோஷத்தில் கோடரின் கண்ணோடு படித்தேன். 'போர்ட் சரியாக வேலை செய்யாததால் அகற்றப்பட்டது.' கட்டி என்ற சொல்லே இல்லை. மருந்துப் பட்டியலில் ஊசியின் பெயர் மட்டும் இருந்தது, எதற்கு என்று இல்லை. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறைக்குப் போனேன். அங்கே இருந்தவரும் பெண்தான், என் வயது இருக்கும். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "டாக்டர் எழுதலைன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது மேடம்."

என் வாக்கியம். என் குரலில், என் சலிப்போடு, எனக்கே திரும்பி வந்தது.

வீட்டில் அம்மாவின் பால் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அரை லிட்டர், அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று போகிற வரிசைக்குப் பக்கத்தில் அம்மா எழுதி வைத்திருந்தாள். 'கை வீக்கம் தொடங்கியது.' 'கழுத்து இழுக்குது.' 'இன்னைக்கு மெஷின்ல ரத்தம் வரல.' ஒவ்வொன்றுக்கும் தேதி. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் எழுதிய அந்த நோட்டில் இருந்த மருத்துவ வரலாறு, அவ்வளவு பெரிய மருத்துவமனையின் ஃபைலில் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மருத்துவமனையில் விஷயம் தலைகீழ். ஏட்டில் இல்லாத சுரைக்காய் அங்கே சுரைக்காயே இல்லை.

*

எண்ணுவதால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு அதே கதீட்டரிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். கதீட்டரால் இரண்டு தொல்லை வரும். ஒன்று ரத்தத்தில் கிருமித்தொற்று, இன்னொன்று கட்டி. கிருமித்தொற்றை அமெரிக்காவில் எண்ணினார்கள். மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கைகழுவுவது, தோலைச் சுத்தம் செய்வது போன்ற ஐந்தாறு எளிய படிகளைப் பட்டியலாக்கி, ஒரு படியை டாக்டர் தவறவிட்டால் அவரை நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸ்களுக்குக் கொடுத்தார்கள். கவனியுங்கள், நர்ஸ்களுக்கு. 2006இல் அதன் பலன் வெளியானது, தொற்று மளமளவென்று குறைந்திருந்தது. 2008 அக்டோபரிலிருந்து, மருத்துவமனையில் வந்த கதீட்டர் தொற்றுக்குக் கூடுதல் பணம் தர மாட்டோம் என்று அரசின் மெடிகேர் திட்டம் அறிவித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2001இல் ஏறத்தாழ 43,000 ஆக இருந்த இந்தத் தொற்று 2009இல் ஏறத்தாழ 18,000 ஆகக் குறைந்தது என்று அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது.

அதே மெடிகேர் பட்டியலில் ரத்தக்கட்டியும் இருக்கிறது. ஆனால் மூட்டு, இடுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் கட்டி மட்டும். சிக்கிள் செல் பெண்ணின் கழுத்தில் கதீட்டரைச் சுற்றி வந்த கட்டி அதில் இல்லை. ஒரே குழாய். அதனால் வரும் ஒரு தொல்லையை எண்ணினார்கள், குறைந்தது. இன்னொன்றை எண்ணவில்லை, அது 'கையில் ரத்தக்கட்டி' என்று மட்டும் நிற்கிறது.

எண்ணுவதிலும் சூது உண்டு என்பதை மறுக்க மாட்டேன். அபராதம் என்று வந்தால் ஸ்கேன் எடுக்காமலே விட்டு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் நிர்வாகங்கள் வரும். அதனால்தான் நான் அபராதம் கேட்கவில்லை. ஒரு வரி கேட்கிறேன்.

"சிக்கிள் செல்லே ரத்தத்தை உறைய வைக்கும் நோய், கதீட்டர்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?" என்று டாக்டர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உறுதி தெரியாவிட்டால் 'கதீட்டர் காரணமாக இருக்க வாய்ப்புண்டு' என்று எழுதுங்கள். உள்நோயாளி சார்ட்டில் டிஸ்சார்ஜ் நேரத்தில் 'வாய்ப்புண்டு' என்று இருந்தாலே அதை ஏற்க எங்கள் விதியில் இடமிருக்கிறது. இரண்டு காரணமும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். நோயாளியின் ரத்தத்தின் மேல் பழியைப் போட உங்களுக்கு உறுதி தேவைப்படவில்லை. நீங்கள் வைத்த குழாயின் பெயரை எழுத மட்டும் ஏன் அவ்வளவு உறுதி தேவைப்படுகிறது?

*

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் அறிவிக்கப்பட்டது நம் நீலகிரியில். 1952இல் லேமனும் மேரி கட்புஷும் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். ஆதிவாசிகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தது, திராவிடருக்கு முந்தைய குடிகள் யார் என்ற கேள்வியோடு. அந்த மலையின் பெண்களுக்கு மூட்டு வலிக்கிறதா, பிரசவம் நடக்கிறதா என்பது கேள்வியாக இல்லை.

எழுபது வருடம் கழித்து, 2023 ஜூலை 1 அன்று, மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் சிக்கிள் செல் ஒழிப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் ஒழிப்பது என்பது இலக்கு. பரிசோதனை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கையில் அட்டை கொடுத்து, ஜாதகம்போல் பொருத்திப் பார்த்துக் கல்யாணம் செய்யுங்கள் என்று சொல்லும்போது அந்த அட்டையின் எடை யார் தலையில் ஏறும் என்பது நமக்குத் தெரியும். அப்பாவிடமிருந்து ஒரு மரபணு, அம்மாவிடமிருந்து ஒரு மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு நோய். ஆனால் 'உன் ரத்தம்தான் சரியில்லை' என்ற பேச்சு அம்மாவுக்கு மட்டும்தான் வரும். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று எண்ணும் அரசு, ஏற்கெனவே நோயோடு பிறந்து வாழ்கிறவளுக்கு என்ன சிகிச்சை தந்தோம், அந்தச் சிகிச்சையால் என்ன வந்தது என்றும் எண்ண வேண்டும். இல்லையென்றால் நாமும் 1952 மாதிரி ரத்தத்தை மட்டும் எழுதுகிறவர்கள்தான்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. கதீட்டர் வைத்தால் என்ன வகை, எந்தப் பக்கம், எந்தத் தேதி, எடுத்த தேதி எது என்று எழுதுங்கள். ரத்தம் திரும்ப வரவில்லையென்றால் அதையும் எழுதுங்கள், அது குழாயின் கோளாறு மட்டும் அல்ல. கட்டி வந்தால் எந்தச் சிரையில், அங்கே கதீட்டர் இருந்ததா, அதனால் வந்ததா என்பதற்கு ஆம், இருக்கலாம், இல்லை என்று மூன்று கட்டம் அச்சடியுங்கள். நர்ஸின் குறிப்பை டிஸ்சார்ஜ் சம்மரிக்குள் கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாத மருந்து கொடுக்கும்போது மாதவிடாய் பற்றிக் கேட்டு, கேட்டதை எழுதுங்கள். எல்லாவற்றிலும் ஒரு நகலை நோயாளியின் கையில், அவருக்குப் புரியும் மொழியில் கொடுங்கள்.

என் பங்குக்கு நான் ஒன்று செய்கிறேன். சார்ட்டில் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேள்வி அனுப்ப எங்களுக்கு வழி உண்டு. க்வெரி என்போம். பதிலை நாமே சொல்லிக்கொடுப்பதுபோல் கேட்கக் கூடாது என்பது விதி. பில் தொகை மாறாதென்றால் க்வெரி போடாதே, நேரம் வீண் என்பது எங்கள் தளத்தின் எழுதப்படாத விதி. முதல் விதியை மதிக்கிறேன். இரண்டாவதை மதிப்பதை நிறுத்திவிட்டேன். கையில் கட்டி, அதே பக்கம் கதீட்டர் என்று பார்த்தால் நர்ஸின் குறிப்பையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் தேதியோடு எடுத்துவைத்து, 'இந்தக் கட்டியின் காரணத்தைத் தங்கள் மருத்துவக் கணிப்பின்படி தெளிவுபடுத்தவும்' என்று அனுப்புகிறேன். டார்கெட் குறைகிறது. டீம் லீட் இரண்டு முறை கூப்பிட்டுப் பேசிவிட்டார். சில டாக்டர்கள் பதிலே போடுவதில்லை. சிலர் 'கதீட்டர் காரணமாக' என்று திருத்தி அனுப்புகிறார்கள். அப்படி ஒன்று வரும் நாளில் பக்கத்து சீட் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டுவேன். இப்போது அவளும் அனுப்புகிறாள்.

இந்தப் புத்தகத்தை வாசிக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்று. அம்மாவையோ அக்காவையோ தோழியையோ டிஸ்சார்ஜ் செய்து ஆட்டோவில் ஏற்றும் முன் அந்தக் காகிதத்தைப் படியுங்கள். கை வீங்கியது அதில் இருக்கிறதா? குழாய் எடுத்ததற்கு உண்மையான காரணம் இருக்கிறதா? இல்லையென்றால் கவுன்டரை விட்டு நகராதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தேதி போட்டு. பால் கணக்கு நோட்டானாலும் சரி.